தோரோங் கணவாய்க்குப் பதினான்கு பேர்

நீண்ட மலைப்பயணத் திட்டம் எதுவும் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வியோடுதான் தொடங்குகிறது: "எத்தனை நாள் லீவு கிடைக்கும்?" சென்னையில் எட்டு நண்பர்கள், அக்டோபரில் நேபாளம் போய் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பதினைந்து நாள் என்கிறார், இன்னொருவர் பன்னிரண்டு. மூன்றாமவருக்குப் பத்துக்கு மேல் கிடைக்காது. அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் எல்லோரும் பத்துக்கு இறங்கி வருகிறார்கள். அன்று இரவே காட்மாண்டு போகவர டிக்கெட் எடுத்தாகிவிடுகிறது. பாதை, உயரம், ஓய்வு நாள் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இன்னும் ஒருவர்கூட ஷூ வாங்கவில்லை, ஆனால் பயணத்தின் மிகப் பெரிய தவறு அந்த இரவே நடந்து முடிந்துவிட்டது.

அன்னபூர்ணா சுற்றுப்பாதை, பெயரைப் போலவே, அந்த மலைத்தொடரைச் சுற்றிவரும் பாதை. கிழக்கே மர்ஸ்யாங்டி ஆற்றை ஒட்டி ஏறி, 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயைக் கடந்து, மேற்கே காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. மனாங் பகுதி 1977இல் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு உலகெங்கும் பேர் வாங்கிய பாதை இது. வாழையும் நெல்லும் விளையும் ஆற்றங்கரையில் தொடங்கி, பைன் காட்டுக்குள் புகுந்து, கடைசியில் ஒரு மரம்கூட இல்லாத மேட்டுநிலத்தில் கொண்டுபோய் விடும். ஊருக்கு ஊர் லாட்ஜ் உண்டு, கூடாரம் சுமக்க வேண்டாம். நல்ல பருவத்தில் கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படுவதில்லை. காலும் மூச்சும் சீராக இருக்கும் எவரும் கடக்கக்கூடிய பாதைதான். இத்தனை எளிதாகத் தெரிவதால்தான் பலர் இதற்கு நாட்களை ஒதுக்கத் தவறுகிறார்கள்.

தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். சுற்றுப்பாதையில் நடப்பவர் முதல் சில நாட்களிலேயே இரவு தங்கும் சாமே என்ற ஊர் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கிறது. அதாவது தமிழ்நாட்டின் கூரை முடியும் இடத்தில் இந்தப் பாதையின் உண்மையான ஏற்றம் ஆரம்பமாகிறது. பயணத்துக்கு முன் வெள்ளியங்கிரி ஏறலாம், சதுரகிரி ஏறலாம், பர்வதமலை ஏறலாம். ஏறத்தான் வேண்டும், முழங்காலும் தொடையும் அதில்தான் உரம் பெறும். ஆனால் உயரம் பழகுவது வேறு விஷயம். கணவாயின் மேல் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கேற்ப உடல் தன்னை மாற்றிக்கொள்ளும், மாற்றிக்கொள்ள நாட்கள் கேட்கும். மாரத்தான் ஓடுகிறவரின் உடலும் அந்த நாட்களைக் கேட்கும். யாருக்கு எத்தனை நாள் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடும் பரிசோதனை எதுவும் கிடையாது.

எவரெஸ்ட் பாதையில் 4,243 மீட்டரில் உள்ள பெரிச்சே கிராமத்தைக் கடந்துபோன 278 நடையாளர்களைப் பரிசோதித்து, பீட்டர் ஹாக்கெட்டும் சக மருத்துவர்களும் 1976இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 53 சதவீதம் பேருக்கு உயர நோயின் அறிகுறிகள் இருந்தன. நடந்தே மேலேறி வந்தவர்களைவிட, விமானத்தில் வந்திறங்கி நடையைத் தொடங்கியவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் வரக்கூடிய ஒன்றை விபத்து என்று சொல்ல முடியாது. எட்டுப் பேர் போனால் நான்கு பேருக்கு எங்காவது ஓரிடத்தில் தலை வலிக்கும், சாப்பாடு பிடிக்காது, தூக்கம் கெடும் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும்.

இதைவிட அதிகம் யோசிக்க வைக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. காட்மாண்டுவில் பல ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர் டேவிட் ஷ்லிம், 1987 முதல் 1991 வரை நேபாளத்தில் இறந்த நடையாளர்களின் விவரங்களைத் திரட்டினார். உயர நோயால் இறந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஏற்பாடு செய்யப்பட்ட குழுக்களில் வந்தவர்கள். மொத்த நடையாளர்களிலோ குழுவாக வந்தவர்கள் 40 சதவீதம்தான். கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்று நாம் நம்புகிறோம், மலையோ நேர்மாறாகச் சொல்கிறது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தனியாக வந்தவருக்குத் தலை வலித்தால் அன்று படுத்துவிடுவார். குழுவில் வந்தவருக்கு அட்டவணை இருக்கிறது, அடுத்த ஊரில் அறை சொல்லியாகிவிட்டது, ஏழு பேர் வாசலில் பையோடு நிற்கிறார்கள். "ஒண்ணுமில்ல, போலாம்" என்று சொல்லிவிட்டு அவரும் எழுந்து நடக்கிறார்.

குழுப் பயணத் திட்டம் என்பது அந்த "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தைக்கு அவசியம் இல்லாமல் செய்யும் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதே மலையின் வரலாற்றிலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1950இல் மோரிஸ் எர்சாக் தலைமையில் வந்த பிரெஞ்சுக் குழுவிடம் இருந்த வரைபடம் தவறாக இருந்தது. அன்னபூர்ணாவுக்குப் போகும் வழியைக் கண்டுபிடிப்பதற்கே வாரக்கணக்கில் அலைந்தார்கள். எர்சாக் மனாங் வரை வந்து, அங்கே உணவு கிடைக்காமல் பசியோடு திரும்பினார். கடைசியில் பருவமழை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஜூன் 3 அன்று, எர்சாக்கும் லூயி லஷ்னாலும் 8,091 மீட்டர் உச்சியை அடைந்தார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் கால் வைத்தது அதுவே முதல் முறை.

அந்த ஏற்றத்தின் நடுவே நடந்த ஒரு சின்ன உரையாடலை, மலைக்குப் போகும் எந்தக் குழுவும் கிளம்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். லஷ்னாலின் கால்கள் மரத்துக்கொண்டிருந்தன. தான் திரும்பிவிட்டால் என்ன செய்வாய் என்று எர்சாக்கிடம் கேட்டார். தனியாக மேலே போவேன் என்றார் எர்சாக். லஷ்னாலும் பின்தொடர்ந்தார். எர்சாக் தனியாகப் போனால் உயிரோடு திரும்பமாட்டார் என்று நினைத்ததால்தான் தொடர்ந்தேன் என்பது, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முழுமையாக வெளிவந்த அவருடைய குறிப்புகளில் இருக்கிறது. இருவரும் பனிக்கடியில் கால்விரல்களை இழந்தார்கள், எர்சாக் கைவிரல்களில் பெரும்பாலானவற்றையும் இழந்தார். இறங்கும் வழியில் பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்தார், அவை சரிவில் உருண்டு போய்விட்டன. பைக்குள் மாற்றுக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அவர் மனதுக்கு எட்டவே இல்லை. மெல்லிய காற்றில் மூளை அப்படித்தான் வேலை செய்யும். அதனால், திரும்புவதா தொடர்வதா என்ற கேள்வியை உயரத்தில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. சென்னையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், வயிறு நிறைந்து, தலை தெளிவாக இருக்கும்போதே அதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

என்ன பேசுவது? எட்டுப் பேரில் ஒருவர் இறங்க வேண்டி வந்தால் அவரோடு யார் இறங்குவது என்று பெயர் சொல்லிப் பேசுவது. "யாராவது போவாங்க" என்பது போதாது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, இவருக்கு இவர் துணை என்று முடிவு செய்துகொண்டால், யாருக்காவது முடியாமல் போகும்போது இன்னொருவர் தியாகம் செய்ய வேண்டியிருக்காது. முன்பே ஒப்புக்கொண்டதை அவர் செய்கிறார், அவ்வளவுதான். இறங்குகிறவர்களுக்கான ஜீப் கட்டணத்தை அவர்கள் தலையில் கட்டாமல் பொதுப்பணத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். இறங்கியவர்கள் எங்கே காத்திருப்பார்கள், எந்த நாளில் மறுபடி சேர்ந்துகொள்வார்கள் என்பதும் காகிதத்தில் இருக்க வேண்டும். இப்படி எழுதி வைத்த குழுவில் உடம்பு சரியில்லாதவர் வாயைத் திறந்து சொல்வார்.

அடுத்து நாட்களுக்கு வரலாம். கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடும் பழக்கம் சமவெளிக்குச் சரி. இங்கே கணக்கு இரவு தூங்கும் உயரம்தான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் விதி. பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை.

காட்மாண்டுவிலிருந்து பேசிசஹாருக்குப் பஸ்ஸில் ஒரு முழு நாள். அங்கிருந்து ஜீப்பில் தாராபானி, சுமார் 1,860 மீட்டர். நடை இங்கே தொடங்குகிறது. மறுநாள் சாமே, அதற்கடுத்து சுமார் 3,300 மீட்டரில் மேல் பிசாங். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆற்றை ஒட்டிய சாலையில் போனால் மனாங் சீக்கிரம் வந்துவிடும். கியாரு கிராமத்துக்குச் செங்குத்தாக ஏறும் மேட்டுப் பாதை மூச்சு வாங்க வைக்கும், ஆனால் எதிரே அன்னபூர்ணா இரண்டும் கங்காபூர்ணாவும் நாள் முழுக்கக் கூடவே வரும். உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கும் அந்தப் பாதைதான் நல்லது. சுமார் 3,660 மீட்டரில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் மனாங்குக்கு, 3,540 மீட்டருக்கு, இறங்கும்போது உடம்பு ஒரு படி முன்னால் இருக்கும். மனாங்கில் இரண்டு இரவு. அதன்பின் சுமார் 4,030 மீட்டரில் யாக் கர்க்கா, 4,450இல் தோரோங் பேடி, பிறகு கணவாய். அந்தப் பக்கம் முக்திநாத். ஆக நடை மட்டும் எட்டு நாள், அதில் ஒரு நாள் மனாங்கில் ஓய்வு. போகவர நாட்களைச் சேர்த்து, எதற்கும் ஒதுக்காத இரண்டு நாளையும் சேர்த்தால் சென்னையிலிருந்து சென்னைக்குக் குறைந்தது பதினாறு நாள் ஆகும். பத்து நாள்தான் லீவு என்றால் கணவாயை இன்னொரு வருடத்துக்குத் தள்ளிவைத்து, இதே மலையில் தாழ்வான பாதை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே முறை.

இப்போது ஜீப் மனாங் வரை போகிறது. நாட்களை மிச்சம் பிடிக்க நினைக்கும் குழு அதில் ஏறிக்கொள்கிறது. காலையில் 800 மீட்டரில் டீ குடித்தவர் இரவு 3,540 மீட்டரில் படுக்கிறார். ஹாக்கெட்டின் ஆய்வில் விமானத்தில் வந்திறங்கியவர்களுக்கு நேர்ந்தது இவருக்கும் நேரலாம். சாலை வந்ததால் நடைச்சுகம் போய்விட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. மனாங்கில் வாழும் மக்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் அந்தச் சாலை வேண்டும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நடக்க வந்தவர்தான் சாலையை எங்கே விட வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மனாங்கில் ஓய்வு நாள் என்றால் படுக்கையில் கிடப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. காலையில் சில நூறு மீட்டர் ஏறி கங்காபூர்ணா ஏரியை மேலிருந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குள் இறங்கிவிடலாம். பிற்பகல் மூன்று மணிக்கு இமாலய மீட்புச் சங்கத்தின் உதவி மையத்தில் உயர நோய் பற்றி மருத்துவர் பேசுவார். 1973இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம், நடைப் பருவத்தில் தன்னார்வ மருத்துவர்களை அங்கே அமர்த்துகிறது. குழு முழுவதும், முக்கியமாக "எனக்கு எல்லாம் தெரியும்" என்பவர், போய் உட்கார வேண்டிய இடம் அது. சாதாரணத் தலைவலி எது, இறங்கியே ஆக வேண்டிய அறிகுறி எது என்று அங்கே தெளிவாகும். தரையில் ஒரு நேர்க்கோடு போட்டு, குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்வார்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்று கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாவிட்டால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவதுதான். இரவானாலும் இறங்க வேண்டும்.

டயமாக்ஸ் மாத்திரை பற்றிய விவாதம் எல்லாக் குழுவிலும் நடக்கும். அது வலியை மறைக்கும் மாத்திரை கிடையாது. மூச்சை ஆழப்படுத்தி, உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 125 மில்லிகிராம், தினம் இரு வேளை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரை போட்டுக்கொள்வதால் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

இந்த உயரத்தில் குழுவுக்கு மிகவும் உதவும் பழக்கம் ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு லாட்ஜின் பொதுக்கூடத்தில் அடுப்பைச் சுற்றி எல்லோரும் கூடியிருக்கும்போது, ஒரு நோட்டுப்புத்தகம் கைமாறி வரும். தலைவலி, பசி, களைப்பு, தலைச்சுற்றல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை அவரவரே எண் எழுத வேண்டும். வாயால் கேட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் பார்த்துப் பதில் வரும். எழுதும்போது உண்மை வரும். நேற்று ஒன்று எழுதியவர் இன்று இரண்டு எழுதினால், நாளை எங்கே தூங்குவது என்ற கேள்விக்கு விடை அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியும் பலர் கொண்டுவருகிறார்கள். குளிர்ந்த விரலில் அது தவறாகக் காட்டும், அந்த எண்ணை மட்டும் நம்பி நல்லவரைப் பயமுறுத்தவோ முடியாதவரை ஏற்றிவிடவோ கூடாது.

சரி, நோட்டுப்புத்தகத்தில் எத்தனை பெயர்? எட்டு என்று தோன்றும். எட்டு நடையாளர்களுக்கு ஒரு கைடு, ஒரு துணை கைடு, இருவருக்கு ஒருவர் என்று நான்கு போர்ட்டர்கள். மொத்தம் பதினான்கு. நேபாளத்தில் பிறந்தவருக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்பது ஆபத்தான பொய். போர்ட்டர்களில் பலர் நெல் விளையும் நடுமலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள், அவர்கள் உடம்பும் நம் உடம்பைப் போலத்தான் பழக வேண்டும். அதிலும் முதுகில் இருபது கிலோ இருக்கும். 1997இல், ஒரு நடைப்பயணக் குழுவில் சுமை தூக்கிய இளைஞர் ஒருவர் உயர நோயால் விழுந்தார். அதுவரைக்குமான கூலியைக் கொடுத்து, தனியாகக் கீழே போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முப்பது மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். அந்த மரணத்துக்குப் பிறகுதான் போர்ட்டர்களின் பாதுகாப்புக்காக ஒரு சர்வதேச அமைப்பே உருவாயிற்று. நடையாளர் தலைவலி என்றால் ஹெலிகாப்டர் வரும், சுமை தூக்கியவருக்கு ஒற்றையடிப் பாதைதான் என்ற நிலை நம் குழுவில் இருக்கக் கூடாது.

ஏற்பாடு செய்யும் நிறுவனத்திடம் விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேட்க வேண்டும். போர்ட்டருக்குக் காப்பீடு உண்டா? ஒருவர் எத்தனை கிலோ தூக்குவார்? கணவாய் நாளுக்கு அவரிடம் நல்ல ஷூ, கையுறை, பனியில் கண் கூசாமல் இருக்கக் கருப்புக் கண்ணாடி இருக்கிறதா? இரவில் அவருக்குப் படுக்கவும் போர்த்திக்கொள்ளவும் இடம் எங்கே? காட்மாண்டுவில் போர்ட்டர்களுக்குக் குளிராடை இரவல் தரும் வங்கி ஒன்றைக் 'கீப்' என்ற அமைப்பு நடத்துகிறது, எனவே உடை கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. நடையாளர்கள் தம் பங்குக்குச் செய்ய வேண்டியது, ஆளுக்குப் பத்து கிலோவுக்கு மேல் போர்ட்டர் பையில் திணிக்காமல் இருப்பது. நோட்டுப்புத்தகம் அவர்கள் கைக்கும் போக வேண்டும். மொழி புரியாவிட்டால் கைடு கேட்டு எழுதுவார்.

அக்டோபர் பயணத்தில் இன்னொன்றும் உண்டு. தசையின் பண்டிகை பெரும்பாலும் அந்த மாதத்தில் வருகிறது. நமக்குத் தீபாவளி எப்படியோ அப்படி நேபாளத்துக்கு அது, ஊருக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. போர்ட்டரும் தன் வீட்டில் இருக்கத்தான் விரும்புவார். தேதி குறிக்கும்போது அந்த வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, பண்டிகை முடிந்த பிறகு கிளம்பினால் இரு தரப்புக்கும் நல்லது.

காகித வேலைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும், நடுவயதுக்காரர் ஆதார் அட்டையை நம்பிப் போகக் கூடாது. 1986இல் தொடங்கிய, 7,629 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். சார்க் நாட்டவருக்கு அதில் கட்டணச் சலுகை உண்டு. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடையாளர்கள் உரிமம் பெற்ற கைடு ஒருவரோடு போக வேண்டும் என்று நேபாள சுற்றுலா வாரியம் அறிவித்திருக்கிறது. கட்டாயம் என்பதற்காக இல்லாவிட்டாலும், பதினான்கு பேருக்கு ஒரே லாட்ஜில் இடம் பிடித்துத் தர கைடு வேண்டும். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான மாற்று விகிதம். மேலே போனால் ஏடிஎம்மை நம்ப முடியாது, தேவையான ரொக்கத்தைக் கீழேயே எடுத்து இரண்டு மூன்று பேரிடம் பிரித்து வைத்துக்கொள்ளலாம். காப்பீட்டுப் பத்திரத்தில் ஒரே ஒரு வரியைத் தேட வேண்டும்: எத்தனை மீட்டர் உயரம் வரை, ஹெலிகாப்டர் செலவோடு. 4,000 மீட்டரோடு நின்றுவிடும் பாலிசி இந்தப் பாதைக்கு உதவாது.

சாப்பாட்டில் தமிழர்களுக்குச் சிரமம் இல்லை. தால் பாத் என்பது சோறும் பருப்பும் கீரையும்தான், தட்டு காலியாகக் காலியாக மறுபடி போடுவார்கள். வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துப் போவது ஆடம்பரம் இல்லை. 4,000 மீட்டருக்கு மேல் பசி செத்துப்போன நாக்குக்கு அந்தப் புளிப்பும் காரமும் தேவைப்படும். தண்ணீர் பாட்டில் வாங்கிக் குப்பை சேர்க்க வேண்டாம், வழியில் பல ஊர்களில் சுத்திகரித்த குடிநீர் நிலையங்கள் இருக்கின்றன.

பருவம் பார்த்துப் போனாலும் வானம் மாறலாம். 2014 அக்டோபரில் மாறியது. அந்தமான் கடலில் உருவான ஹுத்ஹுத் புயல் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து இமயமலையில் மோதி, 14ஆம் தேதி தோரோங் லாவில் பெரும்பனியாகக் கொட்டியது. நடைப் பருவத்தின் உச்சம், கணவாயில் நூற்றுக்கணக்கானோர். பார்வை மறைய, பாதை மறைய, முக்திநாத் பக்கம் இறங்கும் சரிவில் பலர் சிக்கிக்கொண்டார்கள். அப்பகுதியில் குறைந்தது 43 பேர் இறந்தார்கள், அவர்களில் நேபாளி கைடுகளும் போர்ட்டர்களும் அடக்கம். வங்கக் கடலில் புயல் என்றால் நம் ஊரில் மீனவர் படகைக் கரையேற்றுவார். அதே செய்தி, இரண்டு நாள் கழித்து 5,416 மீட்டரில் நிற்கப்போகிறவருக்கும் உரியது. கைபேசிச் சிக்னல் கிடைக்கும் ஊர்களில் வானிலை பார்ப்பது ஒருவரின் பொறுப்பு என்று முன்பே ஒதுக்கிவிட வேண்டும். காலி நாட்கள் இரண்டு என்று முன்னே சொன்னது இதற்காகத்தான். அவை இல்லாத குழு, மேகத்தைப் பார்த்துக்கொண்டே மேலே போகும்.

கணவாய்க்கு முந்தைய இரவைத் தோரோங் பேடியில் கழிப்பதா, அதற்கும் மேலே சுமார் 4,880 மீட்டரில் உள்ள ஹை கேம்ப்பில் கழிப்பதா என்று நெடுங்காலமாகப் பேசி வருகிறார்கள். மேலே தூங்கினால் மறுநாள் ஏற்றம் குறையும், தூக்கமும் குறையும். கீழே தூங்கினால் ஒரே மூச்சில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். பதினான்கு பேர் உள்ள குழுவுக்குப் பேடியே நல்லது. இரவில் யாருக்காவது முடியாமல் போனால் இறங்குவது அங்கிருந்து எளிது. முந்தைய பகல் ஹை கேம்ப் வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கித் தூங்கலாம்.

அந்த இரவு பையைச் சரிசெய்வது ஒரு தனி வேலை. தண்ணீர் பாட்டிலில் சுடுநீர் நிரப்பி, காலுறைக்குள் போட்டு, தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் கால் சூடாகும், காலையில் உறையாமலும் இருக்கும். நடக்கும்போது பாட்டிலைத் தலைகீழாகச் செருகி வைக்க வேண்டும். பனிக்கட்டி மேல்பரப்பில்தான் முதலில் படியும் என்பதால் மூடிப் பக்கம் அடைத்துக்கொள்ளாது. குழாய் வைத்த தண்ணீர்ப் பையை நம்பியவர்கள் அன்று தாகத்தோடு நடப்பார்கள், மெல்லிய குழாய் முதல் அரைமணியிலேயே உறைந்துவிடும். ஹெட் டார்ச் பேட்டரியையும் போனையும் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். கையுறை இரண்டு ஜோடி. எர்சாக்கின் கதை தெரிந்தவர் மாற்றுக் காலுறையைப் பையின் அடியில் போடாமல் மேல் ஜேபியில் வைப்பார்.

அதிகாலை நான்கு மணி. பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே. வாசலில் ஒருவர் லேஸ் கட்டக் குனிகிறார், நிமிர்வதற்குள் மூச்சு வாங்குகிறது. வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகச் சரிவில் ஏறுகின்றன. முன்னால் நடப்பவர் குழுவிலேயே மெதுவானவர், அவர் வேகம்தான் அன்று எல்லோருடைய வேகமும். கடைசியில் துணை கைடு, அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. இத்தனை சீக்கிரம் கிளம்பக் காரணம் காற்று. முற்பகலைத் தாண்டினால் கணவாயில் அது பலமாக அடிக்கும், நிற்க முடியாது. பத்து மணிக்குள் மேலே சேரவில்லை என்றால் திரும்புவது என்பதும் மொட்டைமாடியில் பேசிய ஒப்பந்தத்தில் இருக்கிறது.

மேலே கொடிகள் படபடக்கும் கற்குவியல், ஒரு பெயர்ப்பலகை, ஒரு சின்ன டீக்கடை. படம் எடுத்துக்கொள்ளக் கால் மணி நேரம் போதும். முழங்காலுக்கு உண்மையான சோதனை இனிமேல்தான். முக்திநாத் வரை ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கும் மேல் ஒரே இறக்கம், கைத்தடி இல்லாதவர் அன்று வருந்துவார்.

இறங்கும் இடம் தமிழ் வைணவர்களுக்குத் தெரிந்த இடம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று முக்திநாத்தைப் போற்றுகிறார்கள், திருமங்கையாழ்வார் பாடிய தலம். கோயிலைச் சுற்றி 108 நீர்த்தாரைகள். அருகே ஒரு சன்னதியில் மண்ணிலிருந்து வரும் இயற்கை வாயுவில் அணையாத சுடர் எரிகிறது, பௌத்த பிக்குணிகள் அங்கே பூசை செய்கிறார்கள். நீர்த்தாரைகளின் கீழ் தலை நனைத்து ஓடும் கூட்டத்தில் தமிழ்க் குரல்கள் கேட்கும். பொக்காராவிலிருந்து ஜீப்பிலோ, ஜோம்சோம் வரை விமானத்திலோ வந்த முதியவர்கள் அவர்கள். பொக்காரா 800 மீட்டரைச் சுற்றி, முக்திநாத் 3,700க்கு மேல். ஒரே நாளில் அந்த உயரத்துக்கு வந்து, பனிபோன்ற நீரில் குளிக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கும் அதே விதிதான். வழியில் தாழ்வான ஊர் ஒன்றில் ஓர் இரவு தங்கி வந்தால் தரிசனம் நிம்மதியாக அமையும். யாத்திரை ஏற்பாடு செய்யும் குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது.

கோயில் வாசலில் குழுவில் ஒருவர் தலைகளை எண்ணுகிறார். பதினொன்று. மனாங்கில் இரண்டாம் இரவு நோட்டுப்புத்தகத்தில் ஒருவர் தலைவலிக்கு மூன்று என்று எழுதினார். விவாதம் எதுவும் நடக்கவில்லை. மறுநாள் காலை அவரும் அவருடைய துணையும், பையைத் தூக்கிக்கொண்டு ஒரு போர்ட்டரும் ஜீப்பில் கீழே போனார்கள். இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழே வந்ததும் தலைவலி போய்விட்டது. பொக்காரா வழியாகச் சுற்றி, காளி கண்டகிக் கரையில் 1,190 மீட்டரில் இருக்கும் தாதோபானிக்கு வந்து, வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்து லாட்ஜில் பதினான்கு பேருக்கு அறை சொல்லி வைத்திருக்கிறார்கள். பருப்புப் பொடி டப்பாவும் அவர்களோடு கீழே போய்விட்டது. முக்திநாத்திலிருந்து போன் போகிறது, நாளை மறுநாள் மாலைக்குள் வந்துவிடுகிறோம் என்று.